நகரம் நரகமன்று

இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் கைதட்டல் கிடைத்துவிடும் என்பதைக் கண்டுகொண்ட நாள்முதலாக, நம் கவியரங்குகளிலும் பட்டிமன்றங்களிலும் 'நகரம் ஒரு நரகம்' என்ற முழக்கம் ஓய்ந்தபாடில்லை. பள்ளி மாணவனின் கட்டுரை ஏட்டிலிருந்து முதிர்ந்த எழுத்தாளரின் முன்னுரை வரை இந்தச் சொல்லாட்சி உலா வருகிறது. அடுத்த வீட்டுக்காரனின் பெயர் தெரியாத ஊர், ஆள் விழுந்து கிடந்தாலும் திரும்பிப் பாராத ஊர், இயந்திரங்களின் ஊர் என்று பட்டியல் நீள்கிறது. இதைச் சொல்கிறவர்களுள் பெரும்பாலோர் நகரத்தில்தான் குடியிருக்கிறார்கள். திரும்பிப் போகும் எண்ணமும் அவர்களுக்கு இல்லை. நாற்பது ஆண்டுகளாகச் சென்னையில் வாழும் நானும் ஒரு காலத்தில் இதே பல்லவியைப் பாடியவன்தான். இன்று அதை மறுக்கவே எழுதுகிறேன்.

மாநகரப் பேருந்தில் நெரிசலான மாலை வேளை. நடத்துநர் தம் இருக்கையை விட்டு எழ முடியாது. முன்புறம் நிற்கும் ஒருவர் ஐம்பது ரூபாய்த் தாளைப் பின்னால் நீட்டி, இறங்கும் இடத்தைச் சொல்கிறார். அந்தத் தாள் ஏழெட்டுக் கைகள் மாறி நடத்துநரைச் சேருகிறது. பயணச்சீட்டும் சில்லறையும் அதே ஏழெட்டுக் கைகளின் வழியே திரும்பி வருகின்றன. இடையில் ஒரு நாணயம் குறைவதில்லை. கொடுத்தவர் முகத்தை வாங்கியவர் பார்த்ததில்லை. நன்றி சொல்வாரும் இல்லை, எதிர்பார்ப்பாரும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக நாள்தோறும் நடக்கும் இந்தக் கைம்மாற்றத்தைக் காணாத கண்கள்தாமே 'நகரத்தில் நம்பிக்கை செத்துவிட்டது' என்று எழுதுகின்றன?

மின்தொடர் வண்டிக்கு வாருங்கள். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது அது. அதில் பூத்தொடுக்கும் பெண்ணின் விரல் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நான்கு நிலையங்களைக் கடந்துவிடலாம். கடலை மிட்டாய் விற்கும் பார்வையற்றவர், தம் கையில் வைக்கப்பட்ட நாணயத்தைத் தடவியே மதிப்பறிந்து மீதி தருகிறார். விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலத்தை நெருங்கும்போது, அலுத்துச் சோர்ந்த பெட்டி முழுவதும் ஒரு குழந்தையின் கூவலுக்குத் தலைநிமிர்கிறது. தாழப் பறந்து இறங்கும் விமானத்தைக் காணத்தான்! அன்றாடம் பார்த்ததையே ஒரு குழந்தைக்காக மறுபடியும் பார்க்கின்றவர்களை இயந்திரங்கள் என்பது தகுமா?

இவை சின்னஞ்சிறு செய்திகள்தாமே என்பீர்கள். ஆம். ஒரே அறையில் ஐவர் உறங்கும் வீட்டாருக்கு வேறு பெரிய செய்தி எங்கே இருக்கிறது? அவர்களுக்கு முற்றம் இல்லை, திண்ணை இல்லை. அவர்களுடைய முற்றம் மெரினா மணல். ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் 1884ஆம் ஆண்டு அங்கே நடைபாதை அமைத்தபோது, மாலைக் காற்று வாங்க வந்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமன்று. இன்றோ, அங்கே மிளகாய் பஜ்ஜிக்கும் சுண்டலுக்கும் முன் எல்லாரும் ஒரே வரிசை. பலூன் சுடத் தெரியாத தந்தையைப் பார்த்து மகள் சிரிக்கிறாள். 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மணலின்மேல் மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் சீர்செய்தார்கள். சக்கர நாற்காலியில் சென்று கடலை அருகே கண்டவர்களிடம் போய், இது நரகம் என்று சொல்லிப் பாருங்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கணவனிடம் காசுக்குக் கை நீட்டாமல் ஒருத்தி கடற்கரைக்கு வந்து திரும்ப முடிகிறது. அந்த ஒரு மணி நேரம் சிறியது என்று அளக்க நாம் யார்?

கிராமத்தை இகழ்வது என் நோக்கமன்று. ஆனால் ஆலமர நிழலையும் பம்புசெட்டுக் குளியலையும் பாடும் அன்பர்கள், தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை ஏன் பாடுவதில்லை? எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர் என்பது, யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதையும் எல்லாரும் அறிந்த ஊர்தான். பேருந்தில் கைமாறும் அந்த ரூபாய்த்தாள் எந்தக் குலத்துக் கையைத் தொட்டு வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. நாம் குறையாகச் சொல்லும் 'முகமறியாமை' பலருக்கு விடுதலையாக வாய்த்திருக்கிறது.

நகரத்திலும் குலம் கேட்டு வாடகைக்கு விடும் வீடுகள் இருக்கின்றன. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மாண்டவர்கள் இந்நகரத்துக்காகவே மாண்டார்கள். மழை வந்தால் வெள்ளம், கோடை வந்தால் குடிநீர் லாரி. இவற்றை மறைத்து நகரத்துக்கு வாழ்த்துப்பா பாட வரவில்லை. இவை மனிதர் செய்த தவறுகள், மனிதரால் திருத்தத்தக்கவை. 'நரகம்' என்ற சொல்லோ திருத்தத்துக்கு இடமில்லாத தீர்ப்பு. நரகத்தைச் சீர்திருத்தும்படி எவரும் மனுக் கொடுப்பதில்லை. அச்சொல்லின் தீங்கே அதுதான். நம்மைப் பெருமூச்சு விடச் செய்து, பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது.

அந்தப் பெருமூச்சுக்கிடையே நாம் இழந்துகொண்டிருப்பது என்ன? மூர் மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். எதுவும் வாங்காமலே அரைநாள் சுற்றி வரலாம். பழைய நூலைப் புரட்டலாம். கூண்டுக் கிளியோடு பேசலாம். 1985ஆம் ஆண்டு அது தீக்கிரையாயிற்று. இன்று அவ்விடத்தில் புறநகர் இரயில் நிலையம் நிற்கிறது. அந்த நிலையத்தின் பெயரில் மட்டும் பழைய அங்காடி வாழ்கிறது. அதற்குப் பின் நகரத்துக்கு வாய்த்தவை குளிரூட்டிய வணிக வளாகங்கள். அவற்றுக்குள்ளும் சுற்றலாம், ஆனால் வாயிற்காவலரின் பார்வை முதலில் நம் செருப்பை அளக்கிறது. நடைபாதை இருசக்கர வண்டிகளின் நிறுத்துமிடமாகிவிட்டது. என் தெரு முனையில் மாலைதோறும் நான்கு முதியவர்கள் அமர்ந்து பேசிய சிமெண்ட் இருக்கை ஒரு நாள் பெயர்த்தெடுக்கப்பட்டது. இரண்டு வாரங்கள் அவர்கள் அவ்விடத்தில் நின்றுகொண்டே பேசினார்கள். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்காகக் கேட்டவர் எவரும் இல்லை, நானும் கேட்கவில்லை. 'நகரமென்றால் இப்படித்தான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். அன்றுதான் இந்தச் சொல்லாட்சியின்மீது எனக்கு முதன்முதலாக ஐயம் பிறந்தது.

காசில்லாதவனும் கால்நீட்டி உட்காரக்கூடிய இடங்கள் ஒரு நகரத்தில் எத்தனை உள்ளன என்பதைக் கொண்டே அந்நகரத்தை மதிப்பிட வேண்டும் என்பது என் துணிபு. மேம்பாலங்களின் எண்ணிக்கை பிறகு வரட்டும். பூங்கா இருக்கை, நிழல்மரம், நடைபாதை, கடற்கரை, ஓசிச் செய்தித்தாள் கிடக்கும் தேநீர்க் கடைப் பலகை ஆகியவை ஆடம்பரங்கள் அல்ல. இல்லாதவனுக்கு எஞ்சியிருக்கும் பொதுச்சொத்து அவைதாம். அவற்றைக் கேட்டுப் பெறவும் காத்து நிற்கவும் வேண்டுமானால், முதலில் அவற்றில் போய் அமரவேண்டும். கைபேசியைப் பைக்குள் இட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவேண்டும்.

அடுத்த முறை பேருந்தில் எவரேனும் உங்கள் தோளைத் தொட்டு, "இதைக் கொஞ்சம் பாஸ் பண்ணுங்க சார்" என்று ஒரு தாளை நீட்டுவார். வாங்கி அனுப்புங்கள். மீதிச் சில்லறை உங்கள் கைவழியே திரும்பும்போது, 'நரகம்' என்ற சொல் நாவில் எழுகிறதா என்று பாருங்கள். பெயர்த்தெடுத்த அந்தச் சிமெண்ட் இருக்கைக்காக நான் இப்போது மாநகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறேன். உங்கள் தெருவுக்கு நீங்கள் எழுதலாகாதா?