140 வருஷம் ஒரே கட்சிக்கு ஓட்டு போட்ட ஊர், நாலே வருஷத்தில் மாறியது எப்படி? அமெரிக்க கிராமங்களின் அரசியல்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிழக்கு மலைப்பகுதியில் எலியட் என்று ஒரு கவுன்டி இருக்கிறது. கவுன்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. ஆனால் இங்கே மொத்த மக்கள் தொகையே 7 ஆயிரத்துச் சொச்சம்தான். 1869-ல் உருவான இந்தக் கவுன்டி, அதற்குப் பிறகு 2012 வரை நடந்த அத்தனை அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே முதலிடத்தில் வைத்தது. கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர்கள் வாழும் இந்த ஊரில் 2012-ல் பராக் ஒபாமாவே ஜெயித்தார்.

2016-ல் அதே ஊரில் டொனால்ட் டிரம்ப் வாங்கிய ஓட்டு சுமார் 70 சதவீதம்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. வடகிழக்கில் இருக்கும் வெர்மான்ட் மாநிலம் 1856 முதல் 1988 வரை, 1964 என்ற ஒரே ஒரு தேர்தலைத் தவிர, எப்போதும் குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டு போட்டது. நாலு முறை ஜெயித்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை நாலு முறையும் நிராகரித்த மாநிலங்கள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று இது. 1992-லிருந்து வெர்மான்ட் ஒருமுறைகூட குடியரசுக் கட்சி பக்கம் திரும்பவில்லை. 2020 மக்கள் தொகை கணக்கெடுப்பின்படி கிராமப்புற மக்கள் விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலமும் இதுதான்.

ஆக, 'கிராமம் என்றாலே டிரம்ப், நகரம் என்றாலே ஜனநாயகக் கட்சி' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகும் நடக்கும் சண்டை அந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது. ஒரு தரப்பு, 'கிராமத்து ஜனங்கள் தங்கள் தலையில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள்' என்கிறது. இன்னொரு தரப்பு, 'நாங்க மாறல, கட்சிதான் எங்களை விட்டுட்டுப் போயிடுச்சு' என்கிறது. இதில் எது எவ்வளவு உண்மை?

கட்சிகள் இடம் மாறிக்கொண்டனவா?

அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர். தெற்கில் இனப் பாகுபாட்டுச் சட்டங்களைக் கட்டிக்காத்தவர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். இதைச் சொல்லி 'இனவாதக் கட்சி எது?' என்று ஒருவர் கேட்பார். உடனே மற்றவர், '1964-ல் இரண்டு கட்சிகளும் இடம் மாறிவிட்டன, அது தெரியாதா?' என்று மடக்குவார்.

1964 சிவில் உரிமைச் சட்ட வாக்கெடுப்பைப் பார்த்தால் இரண்டுமே அரைகுறை வாதம் என்று புரியும். செனட்டில் அது 73-27 என்ற கணக்கில் நிறைவேறியது. குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேரும், ஜனநாயகக் கட்சியின் 67 பேரில் 46 பேரும் ஆதரித்தார்கள். கட்சிவாரியாகப் பார்த்தால் குடியரசுக் கட்சிதான் மேல் என்று தோன்றும். ஆனால் உள்நாட்டுப் போரில் பிரிந்து போன 11 தென் மாநிலங்களின் 22 செனட்டர்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். ஆதரித்தவர் ஒரே ஒருவர், டெக்சாஸின் ரால்ஃப் யார்பரோ, ஜனநாயகக் கட்சி. எதிர்த்த 21 பேரில் ஒருவர் குடியரசுக் கட்சி. அதாவது, பிளவு கட்சிக்கு இடையில் இல்லை. தெற்குக்கும் மற்ற பகுதிகளுக்கும் இடையில் இருந்தது.

அந்த வருஷமே அதிபர் தேர்தலில், சட்டத்தை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியின் பாரி கோல்ட்வாட்டர், ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த ஐந்து தென் மாநிலங்களைக் கைப்பற்றினார். மிசிசிப்பியில் அவருக்கு 87 சதவீதம். மாற்றம் அங்கே தொடங்கியது உண்மை. ஆனால் எதிர்த்து வாக்களித்த ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் கட்சி மாறியவர் ஸ்ட்ராம் தர்மண்ட் மட்டும்தான். அந்த மசோதாவை நிறுத்த 14 மணி நேரத்துக்கும் மேல் பேசிய மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட், பிற்காலத்தில் அதற்காக வருத்தம் தெரிவித்து, 2010-ல் இறக்கும்வரை ஜனநாயகக் கட்சியிலேயே இருந்தார். 1976-ல் ஜிம்மி கார்ட்டர் அந்த 11 மாநிலங்களில் 10-ஐ வென்றார். ஒரே ராத்திரியில் சட்டை மாற்றிக்கொண்டதுபோல் எதுவும் நடக்கவில்லை. ஒரு தலைமுறை போய் அடுத்த தலைமுறை வரும் வேகத்தில்தான் நடந்தது.

சொல்லப்போனால், குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம் என்ற அடையாளமே புதுசு. 2000-ம் ஆண்டுக்கு முன்பு ஒவ்வொரு டிவி சேனலும் வரைபடத்தில் தன் இஷ்டத்துக்கு வண்ணம் போட்டது. அந்த வருஷம் ஃபுளோரிடா மறு எண்ணிக்கை வாரக்கணக்கில் இழுத்ததால், திரையில் திரும்பத் திரும்பப் பார்த்த நிறமே நிலைத்துவிட்டது.

கரண்ட் கொடுத்த கட்சி

எலியட் கவுன்டியில் இந்தத் தெற்கத்திக் கதை மட்டும் போதாது. அங்கே விசுவாசத்துக்கு இன்னொரு வேர் உண்டு.

1930-களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பத்தில் ஒன்பது வீடுகளில் மின்சாரம் இருந்தது. பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான். கம்பம் நட்டு கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. ரூஸ்வெல்ட் அரசு 1935-ல் கிராமப்புற மின்மயமாக்கல் அமைப்பை உருவாக்கி, விவசாயிகளின் கூட்டுறவு சங்கங்களுக்குக் கடன் கொடுத்து கம்பி இழுக்க வைத்தது. வீட்டுக்குள் முதல் பல்பு எரிந்த நாளை ஒரு குடும்பம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. நிலக்கரி ஊர்களில் இதே இடத்தைத் தொழிற்சங்கம் பிடித்தது. கூலி, ஓய்வூதியம், ஆஸ்பத்திரி எல்லாமே சங்கம் வழியாக வந்தது; சங்கம் ஜனநாயகக் கட்சியோடு நின்றது. 'எங்க அப்பா, தாத்தா எல்லாம் இந்தக் கட்சிதான்' என்ற பேச்சு அங்கே வெறும் பழக்கம் இல்லை. வாங்கிய நன்மைக்குக் காட்டிய நன்றி.

அந்தப் பாலம் மெதுவாக இற்றுப்போனது. மேற்கு வர்ஜீனியாவில் 1940-களில் 1 லட்சத்துக்கும் மேல் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2016-ல் அது 15 ஆயிரத்துக்கும் கீழே போனது. இந்தச் சரிவில் பெரும்பகுதிக்குக் காரணம் இயந்திரங்கள். பிறகு மலிவான இயற்கை எரிவாயு. சுற்றுச்சூழல் விதிகளின் பங்கு கடைசியில் வந்தது. ஆனால் இயந்திரத்துக்கு எதிராக ஓட்டு போட முடியாது. 2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டன், நிலக்கரிக் கம்பெனிகளையும் தொழிலாளர்களையும் வேலையிலிருந்து வெளியேற்றப் போகிறோம் என்ற பொருள்பட ஒரு வாக்கியம் பேசினார். அந்தப் பகுதிகளுக்குப் புதிய வேலைகளைக் கொண்டுவரும் திட்டத்தைப் பற்றித்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார். முன்னும் பின்னும் சொன்னது காற்றோடு போனது, அந்த ஒரு வரி மட்டும் தங்கிவிட்டது. அதே வருஷம் செனட் தலைவர்களில் ஒருவரான சக் ஷூமர், மேற்கு பென்சில்வேனியாவில் ஒரு தொழிலாளி ஓட்டை இழந்தால் பிலடெல்பியா புறநகரில் இரண்டு ஓட்டு கிடைக்கும் என்று கணக்கு சொன்னார். அந்தக் கணக்கு பொய்த்தது. பென்சில்வேனியாவே கை நழுவியது. தோல்வியைவிட மோசம், 'உங்க ஓட்டு எங்களுக்குத் தேவையில்லை' என்று கிராமத்துக்கு அது கேட்டதுதான்.

1996-ல் பில் கிளின்டன் நாட்டின் சுமார் 3,100 கவுன்டிகளில் ஏறக்குறைய பாதியை வென்றார். 2020-ல் ஜோ பைடன் அதிபரானபோது வென்றது ஆறில் ஒரு பங்கைத்தான்.

தங்கள் நலனுக்கு எதிராகவே ஓட்டு போடுகிறார்களா?

இந்தக் கேள்வியில் ஒரு மேட்டிமை ஒளிந்திருக்கிறது. வரி உயரும் என்று தெரிந்தே ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டு போடும் நகரத்துப் பணக்காரரை யாரும் 'விவரம் இல்லாதவர்' என்று சொல்வதில்லை. கொள்கைக்காகப் போடுகிறார் என்கிறார்கள். கிராமத்துக்காரர் அதையே செய்தால் மட்டும் ஏமாந்துவிட்டார் என்றாகிவிடுகிறது.

அரசியல் ஆய்வாளர் கேத்தரின் கிரேமர், விஸ்கான்சின் மாநிலத்தின் சிற்றூர்களில் டீக்கடை அரட்டை மாதிரியான கூட்டங்களில் வருஷக்கணக்கில் போய் உட்கார்ந்து கேட்டார். அங்கே திரும்பத் திரும்ப அவர் காதில் விழுந்தவை மூன்று: முடிவெடுக்கும் அதிகாரம் நகரத்திடம் இருக்கிறது, பணம் நகரத்துக்கே போகிறது, மரியாதையும் அவர்களுக்குத்தான். அரசின் செலவுக் கணக்கு இதில் இரண்டாவது புகாரை எப்போதும் உறுதிப்படுத்துவதில்லை. ஆனால் ஓட்டுச்சாவடிக்குள் போகும்போது யாரும் பட்ஜெட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை.

2018 இதற்கு நல்ல உதாரணம். சீனாவுடன் டிரம்ப் தொடங்கிய வர்த்தகப் போரில் சோயா விவசாயிகள் அடிபட்டார்கள். 2018, 2019 இரண்டு வருஷத்துக்குமாகச் சேர்த்து சுமார் 2,800 கோடி டாலர் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் ஆதரவு குறையவில்லை. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, கிராமப்புற வாக்காளர்களில் 2020-ல் 65 சதவீதமும் 2024-ல் 69 சதவீதமும் டிரம்புக்குப் போட்டார்கள்.

அதே 2018-ல் மிசௌரி மாநிலத்தில் நடந்ததையும் பாருங்கள். தொழிற்சங்கங்களைப் பலவீனப்படுத்தும் சட்டம் ஒன்று ஆகஸ்டில் நேரடி மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். டிரம்பை ஆதரித்த கவுன்டிகளில் பலவும் அதில் அடக்கம். மூன்றே மாதம் கழித்து நவம்பரில், அந்தச் சட்டத்தை எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் அதே மாநிலத்தில் தோற்றார். கேள்வியாகக் கேட்டால் ஒரு பதில், கட்சிப் பெயரோடு கேட்டால் இன்னொரு பதில்.

அப்போ, பெயர்தான் பிரச்சினையா?

ஓரளவுக்கு, ஆமாம். 2016-ல் செனட் தேர்தல் நடந்த எல்லா மாநிலங்களிலும், அதிபர் தேர்தலில் ஜெயித்த கட்சியே செனட் இடத்தையும் பிடித்தது. செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. 'ஆளைப் பார்த்து ஓட்டு' என்ற பழக்கம் தேய்கிறது. இதில் உள்ளூர்ப் பத்திரிகைகளின் பங்கை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2005-லிருந்து அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன. ஊர் எம்.பி. என்ன செய்தார் என்று சொல்ல ஆள் இல்லாதபோது, மிஞ்சுவது தேசிய டிவியும் செல்போனும் காட்டும் கட்சி முகம்தான்.

மொன்டானாவின் ஜான் டெஸ்டர் 18 வருஷம் செனட்டர். சொந்த நிலத்தில் உழும் விவசாயி. சின்ன வயதில் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இடது கையின் மூன்று விரல்களை இழந்தவர். இவரைவிடக் கிராமத்து ஆளாக ஒரு வேட்பாளரைத் தேடிப் பிடிக்க முடியாது. 2024-ல் கமலா ஹாரிஸ் அங்கே சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். டெஸ்டர் சுமார் 7 புள்ளியில் தோற்றார். அதே தேர்தலில் நெப்ராஸ்காவில் டான் ஆஸ்போர்ன் என்ற மெக்கானிக், ஒமாஹாவில் கெல்லாக்ஸ் ஆலை வேலைநிறுத்தத்தை நடத்திய சங்கத் தலைவர், சுயேச்சையாக நின்றார். ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. ஹாரிஸ் அங்கேயும் சுமார் 20 புள்ளி பின்தங்க, ஆஸ்போர்ன் 7 புள்ளிக்கும் குறைவாகத்தான் தோற்றார். மூன்று முறை ஜெயித்த செனட்டர் கட்சிப் பெயரோடு எட்டிய தூரத்தை, முதல் முறை நின்ற ஒருவர் கட்சிப் பெயர் இல்லாமலேயே எட்டினார். பெயரின் சுமை எவ்வளவு என்று இதில் தெரிகிறது. பெயரைக் கழற்றினால் மட்டும் ஜெயித்துவிட முடியாது என்பதும் தெரிகிறது.

மேற்கு வர்ஜீனியாவின் ஜிம் ஜஸ்டிஸ் வேறு வழி பார்த்தார். 2016-ல் ஜனநாயகக் கட்சி சார்பில் ஆளுநரானவர், 2017 ஆகஸ்டில் டிரம்ப் மேடையிலேயே கட்சி மாறினார். இப்போது செனட்டர்.

கவனத்தில் வைக்க இன்னொன்று. கிராமம் என்றால் வெள்ளையர் மட்டும் இல்லை. மிசிசிப்பி டெல்டாவின் கறுப்பினக் கிராமங்கள் இன்றும் ஜனநாயகக் கட்சியோடு நிற்கின்றன. ஆனால் டெக்சாஸ் எல்லையில், கிட்டத்தட்ட எல்லோருமே ஹிஸ்பானிக் மக்களான ஸ்டார் கவுன்டியில், 2016-ல் ஹிலாரி சுமார் 60 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024-ல் டிரம்ப் ஜெயித்தார். 1892-க்குப் பிறகு அங்கே ஒரு குடியரசுக் கட்சி வேட்பாளர் வென்றது அதுவே முதல் முறை. 'எல்லாம் இனவெறி' என்று சொல்பவர்களிடம் இந்த ஊருக்குப் பதில் இல்லை.

ஐந்தில் ஒருவர், ஆனால் பலம் அதிகம்

அமெரிக்காவில் ஐந்தில் ஒருவர்தான் கிராமப்புறத்தில் வாழ்கிறார். ஆனாலும் இந்த ஓட்டுக்கு இத்தனை அடிதடி நடக்கக் காரணம் செனட். 3.95 கோடி பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் 2 செனட்டர்கள், 5.77 லட்சம் பேர் வாழும் வயோமிங்குக்கும் 2 செனட்டர்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிகளை உறுதி செய்வது இந்த அவைதான். 2024-ல் மேற்கு வர்ஜீனியா, மொன்டானா, ஒஹாயோ, பென்சில்வேனியா என நாலு இடங்களை இழந்ததால் ஜனநாயகக் கட்சி செனட்டையே இழந்தது.

2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டில் பத்து வருஷத்துக்குப் பெரிய வெட்டு வைக்கிறது. அந்தப் பணத்தை நம்பி ஓடும் கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு என்று 5,000 கோடி டாலர் நிதியும் அதே சட்டத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது போதுமா, ஊர் ஆஸ்பத்திரி மூடினால் ஜனங்கள் யாரைக் குறை சொல்வார்கள் என்பதற்கு 2026 நவம்பர் 3 இடைக்காலத் தேர்தல்தான் முதல் சோதனை. நெப்ராஸ்காவில் ஆஸ்போர்ன் மறுபடியும் சுயேச்சையாகவே நிற்பதாக அறிவித்திருக்கிறார். இந்த முறை அவர் குறிவைப்பது முன்னாள் ஆளுநர் பீட் ரிக்கெட்ஸின் இடத்தை.