பாதயாத்திரை மூட்டையில் நம் வற்றல் இடம்பெற வேண்டும்

சித்திரைத் தேருக்காக மஞ்சள் உடுத்திச் சமயபுரம் நோக்கி நடப்போரும், ஆவணியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்போரும் அரியலூர்ப் பக்கத்துச் சாலைகளில் ஆண்டுதோறும் கூட்டங்கூட்டமாகச் செல்வதைக் காண்கிறோம். அவர்கள் தோள்பையில் இருப்பது பெரும்பாலும் பிஸ்கட் பொட்டலமும் மிக்சரும்தான். எங்கோ உள்ள கம்பெனிச் சரக்கு அது. அவர்கள் கடந்து செல்லும் செந்துறை வட்டாரத்திலோ நிலக்கடலையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, விலை போகாத கத்தரிக்காயை மாட்டுக்குப் போடுகிறோம். இது மாற வேண்டும் என்பதே நமது கருத்து.

நடப்பவனுக்குச் சுமையாவது உணவு அல்ல, உணவிலுள்ள தண்ணீர். கத்தரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீரே. ஒரு கிலோ காயை நன்கு காய வைத்தால் 100 கிராம்கூடத் தேறாது. கொத்தவரை சற்று கெட்டியான காய். அது சுமார் 200 கிராம் நிற்கும். நிலக்கடலைக்கு இந்த வேலையே இல்லை. வறுத்த பருப்பு 100 கிராமில் சுமார் 570 கலோரி உண்டு. அதே சக்தியைச் சோற்றில் பெற 400 கிராமுக்கு மேல் உண்ண வேண்டும். சோறு மறுநாளே ஊசிப்போகும், கடலை கெடாது.

மைசூரில் 1961-ல் தொடங்கப்பட்ட ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம், மலைமீது காவல் நிற்கும் சிப்பாய்களுக்கு உலர் உணவு செய்து தருவதும் இந்தக் கணக்கை வைத்தே. மினிக்காய் தீவு மீனவர்கள் சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் உலர்த்தி மாசிக் கருவாடு செய்கிறார்கள். நம் வீடுகளில் ஆட்டிறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து அடுப்புக்கு மேலே கட்டிய உப்புக்கண்டமும் அந்த வகைதான். விரதம் இருந்து நடப்போருக்கு இவை ஆகா. ஆகவே கடலை உருண்டை, அவல், பொரிமாவு, வற்றல், பருப்புப்பொடி, முருங்கைக்கீரைப் பொடி இவற்றிலேயே நாம் கருத்தைச் செலுத்துவது நல்லது. வற்றலைப் பொரிக்க வழியில் சட்டி ஏது என்று கேட்கலாம். குழுவாகச் செல்வோர் பலர் பாத்திர பண்டங்களுடன் ஒரு வண்டியையும் உடன் கொண்டு போகிறார்கள். தனியே நடப்பவருக்கு உருண்டையும் அவலும் போதும். வழியெல்லாம் அன்னதானம் இருக்கிறதே என்பதும் உண்மையே. ஆனால் வெயிலுக்கு முன் நடந்துவிடலாம் என்று விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புகிறவருக்கு அப்போது எந்தப் பந்தலும் திறந்திருக்காது.

பருவமும் நமக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது. தை, மாசியில் காய் மலிந்து விலை விழும். மாசி, பங்குனி வெயில் உலர்த்துவதற்கென்றே வாய்த்தது. சித்திரையில் வாங்குகிறவர் வாசல் வழியே நடந்து வருகிறார். ஏற்றுமதி, ஏற்றுமதி என்று கூட்டந்தோறும் பேசுகிறோமே, வாசலில் போகிற ஆளுக்கு விற்க எந்தக் கப்பல் வேண்டும்?

ஆனால் ஒரு விஷயத்தில் நாம் கண்டிப்பாக இருந்தாக வேண்டும். தார்ச்சாலையில் கொட்டி உலர்த்துவதை அடியோடு விட வேண்டும். நம் மாவட்டத்துச் சாலைகளில் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அந்தப் புழுதியும் சக்கரத்துத் தூசியும் படிந்த வற்றலை யாரும் இரண்டாம் முறை வாங்கமாட்டார்கள். இரவில் தானியக் குவியலில் ஏறிச் சறுக்கும் இருசக்கர வாகனங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. காயை நறுக்கி, உப்பும் மோரும் சேர்த்த கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் நிறமும் மணமும் கெடுக்கும் நொதிகள் அடங்கும். பிறகு இடுப்பளவு உயரத்தில் மூங்கில் தட்டிப் பரண் கட்டி, மெல்லிய துணியால் மூடி உலர்த்தலாம். கீழிருந்தும் காற்று புகுவதால் தரையில் போட்டதைவிட விரைவாகக் காயும். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி இறங்கினால் பகல் முழுவதும் காய்ந்தது வீணாகும்.

கடலையிலோ அரைகுறைக் காய்ச்சல் பேராபத்து. ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்து அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதும் போகாது. காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென ஓசையிட வேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். எடை குறைகிறதே என்று உருண்டையில் சேர்ப்பது நடந்து வருகிறவருக்குச் செய்யும் துரோகம். முந்திரிக் கொட்டையை மட்டும் வீட்டில் உடைக்க முனைய வேண்டாம். ஓட்டிலுள்ள எண்ணெய் கையைப் புண்ணாக்கும். பருப்பாக வாங்கிச் சேர்ப்பதே மேல்.

தனியொரு சிறு விவசாயி நல்ல உலர்களம் கட்ட இயலாது. வேளாண்மைப் பொறியியல் துறை சூரிய கூடார உலர்த்திக்கு மானியம் தந்து வருகிறது. பத்துப் பேர் சேர்ந்தால் அதைக் கேட்டுப் பெறலாம். ஊருக்கொரு உலர்களம் வேண்டுமென்று மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 கிராம சபைகளில் எழுந்து கேட்டுத் தீர்மானமாக எழுத வைக்க வேண்டும். ஏற்கெனவே உலர்களம் கட்டிய ஊர்களில் சில இடங்களில் அதன்மேல் வைக்கோல்போரும் டிராக்டரும் நிற்கின்றன. முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள்.

விற்பதற்கு முன் மகளிர் குழுவின் பெயரில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்துகொள்ளவும். வற்றலைப் பங்குனியிலேயே பொட்டலம் கட்டி வைக்கலாம். கடலை உருண்டையை அப்படிச் செய்யலாகாது. நாள்பட்டால் சிக்கு வாடை வந்துவிடும். நடைப்பயணம் தொடங்குவதற்கு ஒரு வாரத்துக்குள் பிடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் போதும்.