மடிக்கணினியின் மௌனத்துக்கு யார் பொறுப்பு?

கட்டற்ற மென்பொருளான லினக்ஸைத் தம் மடிக்கணினியில் நிறுவிக்கொண்ட ஒருவர், திரையும் விசைப்பலகையும் வைஃபையும் செவ்வனே இயங்குவதைக் கண்டு மகிழ்ந்த பிறகு, ஒரு பாட்டைப் போட்டுப் பார்க்கையில் ஒலிபெருக்கி மட்டும் மௌனம் சாதிப்பது இன்றும் அபூர்வமான சம்பவமல்ல. 'இலவசமாகக் கிடைப்பது இப்படித்தான் இருக்கும்' என்று அப்போது அவர் செய்துகொள்ளும் தீர்மானம் அநியாயமானது என்பது என் திடமான அபிப்பிராயம். குற்றம் எங்கே இருக்கிறதென்று அறிய வேண்டுமானால், ஒலி கணினிக்குள் எந்த வழியாக நடந்து வருகிறது என்பதைச் சற்றுப் பொறுமையோடு பார்க்க வேண்டும்.

பாட்டை வாசிக்கும் மென்பொருள், இக்காலத்து லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில், அதைப் பைப்வயர் என்னும் அடுக்கிடம் ஒப்படைக்கிறது. பைப்வயர் அதை லினக்ஸின் உட்கருவாகிய கெர்னலைச் சேர்ந்த அல்சாவிடம் தருகிறது. 1998இல் யாரோஸ்லாவ் கைசெலா என்பவரால் தொடங்கப்பெற்று, 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலில் பிரதான ஸ்தானத்தை அடைந்த அந்த அல்சாதான் தாய்ப்பலகையில் உள்ள ஒலிச் சில்லோடு நேராகப் பேசுகிறது. பழுது பார்ப்பவரும் இந்தக் கிரமத்திலேயே இறங்கிச் செல்வது நலம். அல்சாமிக்சர் என்ற சிறு கருவியைத் திறந்து, எஃப்6 விசையால் எச்டிஎம்ஐக்கு உரிய அட்டையை விட்டு உண்மையான ஒலி அட்டையைத் தேர்ந்துகொண்டு, எந்த ஒலியளவுத் தூணின் அடியிலாவது ஒலி அடைக்கப்பட்டிருப்பதைக் குறிக்கும் 'எம்எம்' என்று இருந்தால் எம் விசையை அழுத்தித் திறந்துவிட்டால், அநேகம் பேருடைய சிரமம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஹெட்போனில் கேட்கிறது, ஒலிபெருக்கியில் மட்டும் கேட்கவில்லை என்னும் நிலையில்தான் விஷயம் கடினமாகிறது. இன்டெல் 2004இல் வகுத்த எச்டி ஆடியோ என்ற ஏற்பாட்டின்படி, ஒலிச் சில்லில் பல முனைகள் உண்டு. அவற்றில் எது ஒலிபெருக்கிக்கு, எது ஒலிவாங்கிக்கு, எது ஹெட்போனுக்கு என்பதைச் சில்லைச் செய்தவர் அல்லர், மடிக்கணினியைச் செய்தவரே நிர்ணயித்து, அந்த விவரத்தைக் கணினியைத் துவக்கிவைக்கும் பயாஸ் மூலம் எழுதி வைக்க வேண்டும். அவர்களில் பலர் அதைப் பிழையாகவோ அரைகுறையாகவோ எழுதிவிட்டு, சரியான விவரத்தை விண்டோஸுக்கென்று செய்த இயக்கிக்குள் மட்டும் வைத்துவிடுகிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டவர், எந்தச் சுவிட்சு எந்த விளக்குக்கு என்று தப்பும் தவறுமாய் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு, சரியான சீட்டை ஒரே ஒரு எலெக்ட்ரீஷியனிடம் ஒளித்து வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதற்கு ஒரு பிரத்தியட்ச சான்றும் உண்டு. சில மாடல்களில், முதலில் விண்டோஸைத் துவக்கிவிட்டு, மின்சாரத்தை முழுதும் அணைக்காமல் மறுதுவக்கம் செய்து லினக்ஸுக்கு வந்தால் ஒலிபெருக்கி பேசுகிறது. முழுதும் அணைத்துவிட்டு நேரே லினக்ஸைத் துவக்கினால் பேசுவதில்லை. சில்லில் பழுதில்லை, கம்பியில் பழுதில்லை. ஒலிபெருக்கியை எழுப்பும் கட்டளை இன்னதென்று ஒரு தரப்புக்குச் சொல்லப்பட்டு, மற்றொரு தரப்புக்குச் சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறது. சமீப வருஷங்களில் ஒலிச் சில்லுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே சிர்ரஸ் லாஜிக், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்றோரின் தனிப் பெருக்கிச் சில்லுகள் வந்து சேர்ந்திருப்பதால், மறைக்கப்படும் விவரங்களும் பெருகிவிட்டன.

இந்தக் குறையை ஈடு செய்வோர் யார்? தகாஷி இவாய் முதலானோர் பேணிவரும் கெர்னலின் ஒலிப் பகுதியில், இன்ன மாடலுக்கு இன்ன திருத்தம் என்று நூற்றுக்கணக்கான வரிகள் சேர்ந்து நிற்கின்றன. அவற்றில் பல, மடிக்கணினியை வாங்கிய சாதாரண மனிதர்கள் இரவெல்லாம் கண்விழித்து, ஒவ்வொரு முனையாகச் சோதித்துக் கண்டுபிடித்து, தமக்குப் பின் அதே மாடலை வாங்குவோருக்காக அனுப்பி வைத்தவை. இந்தப் பரோபகாரத்தை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் செய்தவனுக்கு முதல் நாளே தெரிந்த ஒன்றை வாங்கியவன் மாதக்கணக்கில் தேட வேண்டியிருப்பது எந்த நியாயத்தில் சேரும்?

பாட்டுக் கேட்க முடியாமற்போவதோடு நஷ்டம் நின்றுவிடுவதில்லை. கண் தெரியாதவர்களுக்கு ஒலியே திரை. டெபியன் என்னும் லினக்ஸ் பதிப்பை நிறுவத் தொடங்கும்போது எஸ் விசையை அழுத்தினால், நிறுவும் கருவி ஒவ்வோர் அடியையும் குரலில் சொல்லி அவர்களைத் தன்னந்தனியாகவே வேலையை முடிக்க வைக்கும். ஒலி எழாத கணினியில் அந்தக் குரலும் எழாது. அது எழாமைக்கு வேறொரு காரணமும் உண்டு: இக்காலத்து இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலிச் செயலிக்கே தனியான ஃபர்ம்வேர், அதாவது சில்லுக்குள் ஏற்றப்படும் மென்பொருள், தேவைப்படுகிறது. இன்டெல் அதன் மூலநிரலை 2018இல் பகிரங்கமாக்கியது பாராட்டத்தக்க காரியம் என்றாலும், சந்தைக்கு வரும் கணினிகளில் பெரும்பாலானவை இன்டெலின் கையொப்பம் பெற்ற கோப்பையே ஏற்கின்றன. கட்டற்ற மென்பொருள் கொள்கையில் மிகுந்த பிடிவாதமுள்ள டெபியன் சமூகத்தார், 2022இல் வாக்கெடுத்து, கட்டற்றவையல்லாத ஃபர்ம்வேர்களையும் நிறுவும் கருவியில் சேர்க்க இணங்கி, 2023இல் வெளியான 12ஆம் பதிப்பில் அவ்வாறே செய்தார்கள். கொள்கையைக் கைவிட்டார்கள் என்று அவர்களைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வியாபார ரகசியம் என்ற சமாதானத்தையும் நான் ஏற்கவில்லை. சில்லின் உள் அமைப்பை யாரும் கேட்கவில்லை. எந்த முனையில் எதைப் பொருத்தினீர்கள் என்பதைத்தான் கேட்கிறோம். தனி ஒருவர் கேட்டால் பதில் வராது என்பதும் மெய்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் கணினி வாங்கும் அரசாங்கம் கேட்டால் நிலைமை வேறு. கட்டற்ற மென்பொருளுக்கே அரசு அலுவலகங்களில் முன்னுரிமை என்று இந்திய அரசு 2015இல் கொள்கை வகுத்தது. அந்தக் கொள்கைக்கு உயிர் இருக்க வேண்டுமானால், பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் ஒரு நிபந்தனை ஏற வேண்டும்: மாதிரிக் கணினியில் எந்தத் திருத்தமும் செய்யாத லினக்ஸ் பதிப்பு ஒன்றை அதிகாரிகளே நிறுவி, இரு ஒலிபெருக்கிகளிலும் ஒலி வருகிறதா, ஒலிவாங்கி குரலைப் பதிகிறதா என்று நேரில் சோதித்த பிறகே கொள்முதல் உத்தரவு கையெழுத்தாக வேண்டும்.