துடுப்பேந்திக் காண்போம் கண்டல் காட்டை

பள்ளி விடுமுறை தொடங்கியதும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மில் பலர் பேரங்காடிக்குச் செல்கிறோம், திரைப்படம் பார்க்கிறோம், எஞ்சிய நேரத்தைக் கைப்பேசியில் கழிக்கிறோம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் மின்ரயில் ஏறினால், கிள்ளானைக் கடந்து துறைமுகம்வரை செல்லலாம். அங்கிருந்து கெத்தாம் தீவுக்குப் படகுகள் புறப்படுகின்றன. இவ்வளவு அருகில் கடலும் கண்டல் காடும் இருந்தும், அவற்றை நெருங்கிப் பார்த்த மாணவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர்? வழிகாட்டியின் துணையோடு கயாக் படகில் கடலோரத்தை அறிந்துவரும் பயணம், வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக மட்டும் இருத்தலாகாது. அஃது இடைநிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு முறையேனும் கிடைக்க வேண்டிய கல்வி என்பதே என் கருத்து.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ அமர்ந்து செலுத்தும் குறுகிய படகு. அதன் துடுப்புக்கு இரு முனைகளிலும் அலகு உண்டு. வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள், சட்டத்தின்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தி வேட்டைக்காக இதனை உருவாக்கினர். விலங்கு அஞ்சி ஓடாதவாறு ஓசையின்றி நெருங்க இப்படகு அவர்களுக்கு உதவியது. இன்று நமக்கு வேட்டை தேவையில்லை. அந்த அமைதிதான் தேவை. கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் மின்மினிகளைக் காணச் செல்வோரை, ஊர் மக்கள் துடுப்பு வலிக்கும் சம்பானில் அழைத்துச் செல்வது வழக்கம். இயந்திர ஒலி இல்லாததால், ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னி அணைவதை அமைதியாகக் காண முடிகிறது. துடுப்பின் சிறப்புக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கண்டல் காட்டின் சிற்றோடைக்குள் கயாக்கில் நுழைந்தால், அறிவியல் பாடம் கண்முன்னே விரியும். காற்றோட்டமற்ற சேற்றில் வேர்கள் மூச்சுவிட முடியாது. ஆகவே, சில மரங்கள் முட்டுக்கால்கள்போல வேர்களை நீருக்கு மேலே ஊன்றியிருக்கும். வேறு சில, பென்சில்களை நட்டு வைத்தாற்போல மூச்சுவேர்களை மேல்நோக்கி அனுப்பியிருக்கும். விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட தண்டாகத் தொங்கிய பின்னரே சேற்றில் விழும். மீன் ஒன்று நீரைவிட்டு வெளியே வந்து சேற்றில் துள்ளித் திரியும். இவற்றைப் படத்தில் பார்த்து மனனம் செய்வது ஒன்று. கைக்கெட்டும் தூரத்தில் கண்டு வியப்பது வேறொன்று.

இக்காட்சி தமிழ் மாணவர்களாகிய நமக்கு முற்றிலும் புதிதன்று. நம் முன்னோர் கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல் என்றனர். கண்டல், புன்னை, தாழை ஆகியவை நெய்தல் நிலப் பாடல்களில் இடம்பெறும் மரங்கள். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் வரக் காரணமான தில்லை மரமும் கண்டல் காட்டு மரமே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு விளையும். இம்மரம் நம் நாட்டுக் கடலோரங்களிலும் வளர்கிறது. மலாய்க்காரர்கள் இதனை ‘பூத்தா பூத்தா’ என்று அழைக்கின்றனர். ‘பூத்தா’ என்பதற்குப் பார்வையற்ற நிலை என்பது பொருள். ஒரே மரத்தை ஓர் இனம் கோயில் நகரின் பெயரில் வாழவைத்திருக்கிறது. மற்றோர் இனம் எச்சரிக்கையாகப் பெயரிட்டிருக்கிறது. இத்தகைய செய்தியை மரத்தடியிலேயே கேட்கும்போது இலக்கியமும் புவியியலும் ஒன்றாக மனத்தில் பதியும்.

இக்கடலோரம் நம் குடும்ப வரலாற்றோடும் தொடர்புடையது. இன்றைய கிள்ளான் துறைமுகம் 1901ஆம் ஆண்டு ஸ்வெட்டன்ஹம் துறைமுகம் என்னும் பெயரில் திறக்கப்பட்டது. தோட்டங்களில் உழைக்க வந்த தமிழர் பலர் இவ்வழியாகவே மண்ணில் காலடி வைத்தனர். அக்காலத்தில் இச்சதுப்பு நிலம் மலேரியாவால் பல உயிர்களைக் குடித்தது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், காட்டைத் திருத்தி வடிகால் வெட்டச் செய்து அந்நோயைக் கட்டுப்படுத்தினார். அன்று உயிர் காக்கக் காடு திருத்தப்பட்டது. இன்றோ, உயிர் காக்கக் காடு தேவைப்படுகிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் கண்டல் காட்டிற்குப் பின்னால் இருந்த சிற்றூர்களில் பாதிப்பு குறைந்திருந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். நம் நாட்டில் பினாங்கும் கெடாவும் அப்பேரலையால் உயிரிழப்பைக் கண்டன. சிலாங்கூர்க் கடலோரமும் தாழ்வான நிலமே. துறைமுகத்திற்கும் குடியிருப்புக்கும் நிலம் வேண்டும் என்ற குரல் எப்போதும் ஓங்கி ஒலிக்கிறது. காட்டுக்காகப் பேச, அதனைக் கண்டவர்கள் வேண்டும். காணாத ஒன்றுக்காக யார் வாதாடுவார்? மேலும், கோலாலம்பூரின் ஊடே ஓடும் கிள்ளான் ஆறு இக்கடலில்தான் கலக்கிறது. நாம் கால்வாயில் வீசிய நெகிழிப்பை வேர்களில் சிக்கித் தொங்குவதை ஒருமுறை பார்த்தால், அடுத்த பையை வீசக் கை தயங்கும்.

“தண்ணீரில் விளையாடாதே” என்று பெற்றோர் தடுப்பது இயல்பு. அவர்தம் அச்சத்தை எள்ளி நகையாடுவது தவறு. ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் மூத்தோர் சொன்னதும் அனுபவத்தால்தான். கிள்ளான் கடலோரத்தில் அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி நீர்மட்டம் ஏறத்தாழ நான்கு மீட்டர் ஏறி இறங்கும். காலையில் படகு சென்ற ஓடை, சில மணி நேரத்தில் வெறும் சேறாகிவிடலாம். மாலையில் இடியும் மின்னலும் திடீரெனச் சூழும். சில மாதங்களில் விடியலுக்கு முன்னே சுமத்திராப் பக்கமிருந்து பலத்த காற்று வீசும். பெருங்கப்பல்கள் செல்லும் பாதையில் கயாக் நுழைவது உயிருக்கே ஆபத்து. இவற்றை அறிந்தவரே வழிகாட்டி. வற்றும் நேரத்தைக் கணித்து, வானத்தைப் பார்த்து, “இன்று வேண்டாம், திரும்புவோம்” என்று துணிந்து சொல்பவரே நல்ல வழிகாட்டி. அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படிவதும் இப்பயணம் தரும் பாடங்களுள் ஒன்று. நீச்சல் தெரிந்தவரும் மிதவை அங்கியைக் கழற்றக் கூடாது.

“இதற்கெல்லாம் பணம் ஏது?” என்று சிலர் வினவலாம். லங்காவித் தீவுக்கு விமானத்தில் சென்று பல நாள் தங்குவது எல்லாக் குடும்பங்களுக்கும் இயலாது என்பது உண்மையே. ஆனால், தொடக்கம் அங்கேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. பள்ளிக் கழகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கைகோத்தால், முதலில் அமைதியான ஏரியில் துடுப்பு பயிலலாம். அதன்பின் தகுதி பெற்ற வழிகாட்டியோடு அருகிலுள்ள கடலோரத்தில் ஒருநாள் பயணம் மேற்கொள்ளலாம். செலவைப் பகிர்ந்துகொண்டால் எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் பின்தங்க மாட்டார்கள்.

எனினும், மக்கள் கூட்டம் பெருகினால் காடு கெடும் என்பதையும் நாம் மறக்கலாகாது. லங்காவி 2007ஆம் ஆண்டில் உலகப் புவிப்பூங்காவாக ஏற்பு பெற்றது. அங்குள்ள கிலிம் ஆற்றின் கண்டல் காடு உலகப் புகழ் பெற்றது. ஆனால், விரைந்தோடும் இயந்திரப் படகுகள் எழுப்பும் அலைகள் கரையை அரித்து மரங்களைச் சாய்க்கின்றன. பயணிகளை மகிழ்விக்கக் கழுகுகளுக்குக் கோழித்தோல் வீசும் பழக்கமும் கண்டனத்துக்கு உள்ளானது. ஆகவே, சிறு குழுவாகச் செல்லுதல், விலங்குக்கு உணவிடாமை, குப்பையைத் திரும்பக் கொண்டுவருதல் ஆகியவை மீற முடியாத விதிகளாக இருக்க வேண்டும். இவ்விதிகளைப் பின்பற்ற இயலாத குழு, கரையிலேயே நிற்பது நல்லது.

மாணவர்களே, சுவரை வைத்துத்தான் சித்திரம் வரைய முடியும். கண்டல் காடு நம் கடலோரத்தின் சுவர். நாளை அதன் எதிர்காலத்தை முடிவு செய்யும் பொறியியலாளரும் சட்ட அறிஞரும் மக்கள் பிரதிநிதியும் இன்று உங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கலாம். அவர்கள் அக்காட்டை வரைபடத்தின் பச்சை நிறமாக மட்டும் அறிந்திருந்தால் போதுமா? அடுத்த விடுமுறைத் திட்டத்தைப் பற்றிப் பள்ளிக் கழகக் கூட்டத்தில் பேசும்போது, இந்த வினாவையும் முன்வையுங்கள்.