ஈரத் தரையும் இரைகிற இயந்திரமும்



சென்ற மாதம் எங்கள் நிலையத்து மண்டபத்தில் ஒரு பரீட்சை நடந்தது. பரீட்சைக்குத் தோற்றியது ஒரு இயந்திரம். உலர்ந்த குப்பையையும் தரையில் தேங்கிய தண்ணீரையும் உறிஞ்சி எடுக்கும் வக்கியூம் கிளீனர் அது. "இதெல்லாம் வசதியான வீட்டுச் சாமான், எங்களுக்கு எதற்கு?" என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர்கள் நான்கு பெண்கள். அவர்களுக்கு இது பிழைப்போடு சம்பந்தப்பட்ட விடயம்.

இந்த நால்வரில் மூவர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். நான்காமவரின் கணவர் எழுந்து நடமாட முடியாதவர். நால்வரும் ஒரு துப்புரவுக் குழுவாகச் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபம், ஒரு ரியூசன் நிலையம், வீதியோரத்து விடுதி ஒன்று ஆகியவற்றைக் கூட்டிக் கழுவிக் கொடுக்கிறார்கள். அவர்களில் மூத்த அக்காவின் முழங்காலில் 2009ஆம் ஆண்டு பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. குந்தி இருந்து துணி பிழிய அவரால் முடியாது. நின்றபடியே குனிந்து துடைப்பார். இரவில் நாரி நோவில் நித்திரை இல்லை.

இப்படியிருக்க, ஒரு கடையில் இந்த இயந்திரத்தைத் தவணைக்குத் தருவதாகச் சொன்னார்கள். முற்பணம் கொஞ்சம், மிச்சம் பதினெட்டு மாதத் தவணை. கையெழுத்து வைக்க முன்னர் நால்வரும் என்னிடம் வந்தார்கள். "மிஸ், எடுக்கலாமோ, விடலாமோ?" என்று கேட்டார்கள். கடன் என்றால் எங்கள் பகுதிப் பெண்களுக்கு வயிறு கலங்கும். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் வழங்க அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே, "முதலில் பாவித்துப் பார்ப்போம். கடைக்காரர் சொல்வதை அல்ல, எங்கள் கண் காண்பதை நம்புவோம்" என்றேன். தெரிந்த ஒருவருடைய தச்சுப் பட்டறையில் அதே மாதிரியான இயந்திரம் ஒன்று இருந்தது. இரண்டு நாளுக்கு இரவல் வாங்கினோம்.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

வாளி போன்ற ஒரு பெரிய தொட்டி. இதில் 20 லீற்றர் கொள்ளும். அதன் மேல் மூடியில் 1200 வொற் மோட்டர். மோட்டர் காற்றை வெளியே தள்ள, குழாய் வழியாகக் காற்றோடு குப்பையும் தண்ணீரும் உள்ளே வந்து தொட்டியில் விழுகின்றன. தொட்டி நிரம்பினால் உள்ளே இருக்கும் மிதவை மேலே எழும்பி உறிஞ்சும் வாயை அடைத்துவிடும். தண்ணீர் மோட்டருக்குள் போகாமல் காப்பது அதுதான்.

உலர்ந்த குப்பைக்கு ஒரு வடிகட்டி, ஈரத்துக்கு வேறொன்று. தூசிக்குக் கடதாசி வடிகட்டி போட வேண்டும். தண்ணீர் உறிஞ்சும்போது அதைக் கழற்றிவிட்டுப் பஞ்சு உறையைப் போட வேண்டும். குழாயின் நுனியும் அப்படியே. உலர்ந்த தரைக்குத் தூரிகை வைத்தது, ஈரத் தரைக்கு றபர் விளிம்பு வைத்தது. கடைகளில் உருளை பூட்டிய, நின்ற நிலையில் தள்ளுகிற இன்னொரு வகையும் உண்டு. அது நல்ல தண்ணீரைத் தெளித்துத் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை வேறு தொட்டியில் எடுக்கும். நாங்கள் பார்த்தது அதுவல்ல.

இந்த இயந்திரத்தின் கதையில் ஒரு விடயம் எனக்குப் பிடித்தது. கையில் கொண்டு திரியக்கூடிய மின்சாரத் தூசுறிஞ்சிக்கு 1908இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் முரே ஸ்பாங்ளர், ஒஹாயோவில் ஒரு கடையைக் கூட்டித் துப்புரவாக்கும் தொழிலாளி. தூசியால் அவருக்கு இழுப்பு. ஒரு மின்விசிறி மோட்டர், தும்புத்தடிப் பிடி, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து முதல் இயந்திரத்தைச் செய்தார். ஆக, இது துடைக்கிறவரின் மூளையில் பிறந்த சாமான்.

முதலில் அந்தச் சத்தம்

சுவிச்சைப் போட்டதும் இயந்திரம் இரைந்த இரைச்சலை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த அறையில் தையல் வகுப்புக்கு வந்திருந்த ஒரு அம்மா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி, காதைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டார். உடனே நிறுத்தினோம். தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் இருந்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: "எனக்குத் தெரியும் பிள்ளை, அது மிசின் எண்டு. காதுக்குத்தான் தெரியேல்லை."

இது அவருடைய பலவீனம் அல்ல. கிபீரின் இரைச்சலையும் ஹெலியின் இரைச்சலையும் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய உடம்பு, அறிவு சொல்வதற்கு முன்னரே எச்சரிக்கை அடைகிறது. இயந்திரம் பாவிக்கும் இடத்தில் முதல் விதியாக இதை எழுதிக்கொள்ளுங்கள்: தொடங்க முன்னர் சுற்றியிருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். விரும்பாதவர் வெளியே போக நேரம் கொடுங்கள். நாங்கள் அடுத்த முறை அப்படியே செய்தோம். அந்த அம்மா வேலிக்கரை வேம்பின் கீழ் போய் நின்று, முடிந்ததும் வந்து தையலைத் தொடர்ந்தார். இப்படியான பயம் நித்திரையையும் சாப்பாட்டையும் கெடுக்குமளவுக்கு இருந்தால், ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவினருடன் கதைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாங்கள் கண்டவை

மண்டபம் 600 சதுர அடி, மினுக்கிய சீமெந்துத் தரை. விறாந்தை மாபிள் பதித்தது. குசினி கரடுமுரடான கொங்கிறீற். மணிக்கூடு பார்த்து எழுதினோம்.

உலர்ந்த மணலைக் கூட்ட, தும்புத்தடியோடு ஒருவருக்கு 12 நிமிடம் எடுத்தது. இயந்திரத்துக்கு 25 நிமிடம். வயர் எட்டாமல் இரண்டு தரம் பிளக்கை மாற்ற வேண்டியும் வந்தது. வெறும் கூட்டும் வேலைக்கு எங்கள் தும்புத்தடியே வென்றது. ஆனால் ஒன்று: தூசி கிளம்பவில்லை. இழுப்பு உள்ள தங்கச்சி அன்று ஒருமுறைகூட இருமவில்லை.

கழுவும் வேலையில் கதை மாறியது. முதலில் இருவர் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிப் பிரசால் 20 நிமிடம் தேய்த்தார்கள். இந்த வேலையை இயந்திரம் செய்யாது. அது உறிஞ்சும், தேய்க்காது. விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள். அதன்பின் தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்து எடுக்க ஒருவருக்கு 40 நிமிடம் சென்றது. இயந்திரத்தால் 22 நிமிடம். பத்து நிமிடத்தில் நடக்கக்கூடியதாகத் தரை காய்ந்தது. மாபிளிலும் இப்படியே. வழுக்கி விழுகிற பயம் இல்லை.

குசினித் தரையில் தோற்றுப்போனது. குழி குழியான கொங்கிறீற்றில் றபர் விளிம்பு படிந்து நிற்கவில்லை. தண்ணீர் குழிகளில் அப்படியே நின்றது. எங்கள் வீடுகள் பலவற்றின் தரை இப்படித்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயை நின்ற நிலையில் பிடித்துக்கொண்டு முழு மண்டபத்தையும் முடித்தவர் அந்த மூத்த அக்காதான். "முழங்கால் நோகாமல், நாரி வளையாமல் ஒரு தரை துடைச்சு எத்தினை வருசம், பிள்ளை" என்றார். அந்த ஒரு வசனத்தை நிமிடக் கணக்கில் எழுத முடியாது.

இரண்டு பிழைகளும் விட்டோம். கடதாசி வடிகட்டியைக் கழற்ற மறந்து தண்ணீரை உறிஞ்சினோம். அது நனைந்து கிழிந்தது. புதிது வாங்கிக் கொடுத்தோம். அடுத்து, சவர்க்காரத் தூளை அள்ளிப் போட்டதால் நுரை பொங்கிக் காற்று வெளிவரும் பக்கத்தால் வந்தது. மிதவை தண்ணீரைத்தான் தடுக்கும், நுரையைத் தடுக்காது. தூள் குறைவாகப் பாவியுங்கள்.

கவனிக்க வேண்டியவை

ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள். நீட்டு வயரின் பலகை தண்ணீர் இருக்கும் தரையில் கிடக்கக் கூடாது. வேலை செய்யும் இடத்தில் ட்ரிப் சுவிச் உண்டா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத இடத்தில் தண்ணீரோடு இந்த இயந்திரம் வேண்டாம்.

சூடான அடுப்புச் சாம்பல், மண்ணெண்ணெய், பெற்றோல் எதையும் உறிஞ்சக் கூடாது. தீப்பற்றும். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தையும் குளோரீன் கலந்த திரவத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். வரும் புகை மூச்சை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். இது துணியால் துடைப்பவர்களுக்கும் பொருந்தும்.

தொட்டி முழுவதும் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. பாதியில் வெறுமையாக்குங்கள், இருவராகத் தூக்குங்கள். வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய தண்ணீர் மணக்கும், நுளம்பும் பெருகும்.

மின்சாரம்? 1200 வொற் இயந்திரம் ஒரு மணித்தியாலம் ஓடினால் 1.2 அலகு. எங்கள் மண்டபத்தைக் கூட்டவும் உறிஞ்சவும் சென்ற 47 நிமிடத்துக்கு ஒரு அலகுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கட்டணம் யாருடையது என்பதையும் வேலை பேசும்போதே பேசிவிட வேண்டும்.

வாங்குவதா?

நால்வரும் கொப்பியைத் திறந்து கணக்குப் பார்த்தோம். பதினெட்டுத் தவணையையும் கூட்டினால் கைக்காசு விலையைவிட மூன்றில் ஒரு பங்கு கூட வந்தது. கல்யாணமில்லாத மாதங்களில் மண்டபத்து வேலை குறையும். தவணை குறையாது. "கையெழுத்து வைக்கேல்ல" என்று அவர்களே முடிவெடுத்தார்கள்.

அதற்குப் பதிலாக மூன்று காரியம் செய்தார்கள். நீளப் பிடி போட்ட, தண்ணீர் தள்ளும் றபர் கட்டையும், குனியாமல் பிழியக்கூடிய வாளியோடு ஒரு மொப்பும் வாங்கினார்கள். கரடுமுரடான தரைக்கும் வீட்டுக்கும் அது போதும். பட்டறைக்காரரிடம் பேசி, பட்டறை பூட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரத்தை நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். பெரிய மண்டப வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வேலையிலும் ஒரு சிறு தொகையைக் குழுவின் சேமிப்பில் போடுகிறார்கள், பிறகு கைக்காசுக்கே வாங்குவதற்கு.

ஆனால் காசைவிடப் பெரிய சிக்கல் ஒன்று வந்தது. இயந்திரத்தைக் கண்ட விடுதி முகாமையாளர், "இனி இரண்டு பேர் காணும்தானே?" என்று கேட்டார். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நோகாமல் வேலை செய்ய ஒரு வழி தேடப்போய், வீட்டுக்குப் போவது முழங்கால் நொந்த அக்காவாக இருந்துவிடலாம் அல்லவா? அன்றிரவே கூடிக் கதைத்து, கொப்பியின் முதற்பக்கத்தில் ஒரு விதி எழுதினார்கள்: "இயந்திரம் வந்தால் ஆளைக் குறைப்பதில்லை, இடத்தைக் கூட்டுவது." தலைக்கு இவ்வளவு என்ற கூலியை விட்டு, மண்டபத்துக்கு இவ்வளவு என்று விலை பேசினார்கள். முகாமையாளர் முகத்தைச் சுளித்தார். பிறகு, "ஒரு மாதம் பார்ப்பம்" என்றார். அந்த மாதம் இன்னும் முடியவில்லை. நான்காவது இடத்துக்கான பேச்சும் நடக்கிறது.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஆன் ஓக்லி என்பவரின் ஆய்வு பற்றிப் படித்தேன். அவர் இலண்டனில் 40 இல்லத்தரசிகளைச் சந்தித்து 1974இல் எழுதிய நூலில், அவர்கள் வாரத்துக்குச் சராசரி 77 மணித்தியாலம் வீட்டுவேலை செய்ததாகக் காட்டினார். மின்சாரமும் இயந்திரங்களும் வந்த நகரத்துப் பெண்கள் அவர்கள். இயந்திரம் வந்தும் வேலை போகவில்லை. ஏனென்றால் அந்த வேலை யாருடையது என்ற கேள்வியை இயந்திரம் கேட்பதில்லை. அதை நாங்கள்தான் கேட்க வேண்டும், வேலைத்தலத்திலும் வீட்டிலும். வளர்ந்த மகன் இருக்கும் வீட்டில் மொப்பின் பிடி அவன் கைக்கும் பொருந்தும்.

உங்கள் குழுவுக்கும் ஒரு இயந்திரத்தைத் தவணைக்குத் தர யாராவது வந்தால், கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எங்கள் தரைக்கு இது சரிவருமா? இரவல் வாங்கிப் பார்த்தோமா? முழுத் தவணையையும் கூட்டினால் எவ்வளவு? இது வந்தால் எங்களில் யார் வெளியே போவார்?

நான்காவது கேள்விக்கு "ஒருவரும் இல்லை" என்ற பதில் வரும்வரை பேனாவைத் திறக்க வேண்டாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.