புதிய கார்டும் ஒரு சிலம்பு வழக்கும்

ஆகஸ்ட் மாதத்தில் பிரான்சிலிருந்து உறவினர் வந்திறங்கும் ஊர் எங்களுடையது. அந்த மாதம் முழுவதும் முத்தியால்பேட்டைத் தெருக்களில் வாசனைத் திரவியமும் சாக்லேட்டும் வீடுவீடாக நடக்கும். சென்ற ஆண்டு வந்த என் தம்பி, என் மகனுக்கென்று கணினிக்கான ஒரு கிராஃபிக்ஸ் கார்டு கொண்டுவந்தான். விமானத்தில் இடம் மிச்சம் பிடிக்க அட்டைப்பெட்டியை அங்கேயே எறிந்துவிட்டு, கார்டை ஒரு துவாலையில் சுற்றி எடுத்து வந்திருந்தான். அந்தத் துவாலைதான் பின்னால் வழக்காயிற்று.

கார்டைப் பொருத்தினோம். விளையாட்டு பத்து நிமிடம் ஓடியது. அந்தப் பத்து நிமிடமும் மகன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு திரை கறுத்துவிட்டது. உள்ளே விசிறிகள் மட்டும் சுழன்றுகொண்டிருந்தன. மறுமுறை, விளையாட்டு தானே மூடிக்கொள்ள, 'டிஸ்பிளே டிரைவர் பதிலளிக்கவில்லை' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது. பழைய கார்டைத் திரும்ப மாட்டினால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. குற்றவாளி யார் என்பதில் வீட்டில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

"சித்தப்பா யூஸ் பண்ணதக் குடுத்துட்டாருப்பா" என்றான் மகன். "புதுசுன்னா பெட்டியோட குடுத்திருப்பாங்களே" என்றாள் மனைவி. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பூர்வீக வீட்டுப் பங்கை ஒட்டி எங்கள் இருவருக்கும் இடையே ஆறாமல் கிடந்த ஒரு பழைய வருத்தம் என் உள்ளே சட்டென்று எழுந்து உட்கார்ந்துகொண்டது. எட்டாம் நாள் தம்பிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "கார்டுக்கு பில் இருக்கா?" அவன் பாரிசுக்குத் திரும்பிவிட்டிருந்தான். நம் நேரப்படி அதிகாலை இரண்டு மணிக்கு ரசீதின் படம் வந்தது. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு, கடையில் புதிதாக வாங்கியதற்கான ரசீது. உடன் ஒரு சொல்லும் இல்லை. 'அண்ணே' என்ற விளிகூட இல்லை.

இனி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கணினி காட்டும் பிழைச் செய்தியைத் தீர்ப்பாக வாசிக்கக் கூடாது. அது ஒரு சாட்சியம். அதிலும் பாதி மட்டுமே கண்ட சாட்சியின் சொல். இலக்கியம் படித்தவர்கள் 'கணினி நமக்கு வராது' என்று ஒதுங்கிக்கொள்கிறோமே, அந்தச் சாட்சியத்தை வாசிக்கும் பயிற்சி உண்மையில் நம்மிடம்தான் இருக்கிறது.

மேற்சொன்ன வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் வெளியான விஸ்டா காலந்தொட்டு விண்டோஸில் ஓர் ஏற்பாடு உண்டு. கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு இயல்பாக இரண்டு நொடி காத்திருக்கும். பதில் வரவில்லையெனில் கார்டையும் அதன் டிரைவரையும் (ஓட்டுநர் அல்லர், கார்டை இயக்கும் மென்பொருள்) மீட்டமைக்கும். அப்போது வருவதே அந்தச் செய்தி. இரண்டு நொடி பதில் இல்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. டிரைவர் கெட்டதா, கார்டு கெட்டதா, மின்சாரம் போதவில்லையா, சூடு மிஞ்சியதா என்று அது சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. விழுந்தவனின் பெயரைத்தான் அது சொல்கிறது. தள்ளியவன் யார் என்பதை நாமாக இட்டு நிரப்பிக்கொள்கிறோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2023, 2024 ஆண்டுகளில் உலகெங்கும் விளையாடுவோர் ஒரு விந்தையான செய்தியைக் கண்டார்கள். அன்ரியல் என்ஜின் கொண்டு செய்யப்பட்ட விளையாட்டுகள் சில, 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று சொல்லி நின்றன. 24 ஜி.பி. நினைவகம் கொண்ட, விலையுச்சியில் இருந்த கார்டுகளிலும் அதே செய்தி. பலரும் கார்டையே சந்தேகித்தார்கள். கடைசியில் தெரிந்தது வேறு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை புராசஸர்கள் சிலவற்றில் கோளாறு. சுருக்கிப் பொதிந்து வைத்த தரவை விரிக்கும் வேலையில் புராசஸர் தவறு செய்ய, அந்தத் தவறு கார்டின் பெயரில் வெளிப்பட்டிருக்கிறது. புராசஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுப் பெற்றதை 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே சேதமடைந்த புராசஸரை அந்தத் திருத்தம் மீட்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குள் எத்தனை பேர் குற்றமற்ற கார்டுகளைக் கழற்றித் திருப்பி அனுப்பினார்களோ!

தமிழாசிரியனுக்கு இவ்விடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் இருக்குமா? மதுரைக்குப் புதிதாக வந்தவன் கோவலன். அவன் கையில் ஒரு சிலம்பு. அரசியின் சிலம்பு காணாமற்போனதும் அந்நேரம்தான். பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான். ஊழ்வினை, அரசியல் பிழைத்தோர் என்றெல்லாம் வகுப்பில் ஆண்டுதோறும் பேசுகிறேன். இப்போது எனக்கு வேறொன்று உறுத்துகிறது. தன் அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று பாண்டியனுக்கு முதலிலேயே தெரியும். கண்ணகி கேட்டவுடன் தயங்காமல் சொல்கிறானே. அப்படியானால் அந்தச் சோதனை கோவலன் உயிரோடு இருந்தபோதே கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. சிலம்பை உடைக்க ஒரு கணம் போதும். உள்ளே முத்தா மாணிக்கமா? இரண்டில் ஒன்றுதான் தெறிக்கும். செலவில்லாத சோதனை, அதைச் செய்ய எவருக்கும் தோன்றவில்லை.

எங்களுக்கும் பதினொரு நாள் தோன்றவில்லை. கார்டை மகனின் நண்பன் வீட்டுக் கணினியில் மாட்டிப் பார்த்தால் போதும் என்பது பன்னிரண்டாம் நாள்தான் உறைத்தது. வண்டியில் பத்து நிமிடத் தொலைவு. அங்கே மூன்று மணி நேரம் இடையறாது ஓடியது.

அதற்கு முந்தைய நாள்களில் மகன் சும்மா இருந்தான் என்று எண்ண வேண்டாம். ஒரே மாலையில் டிரைவரை மாற்றினான், பயாஸைப் புதுப்பித்தான், விண்டோஸைப் புதுப்பித்தான், விளையாட்டையே அழித்து மீண்டும் இறக்கினான். பத்து நிமிடம் என்பது பதினைந்து ஆயிற்று. எதனால் என்று கேட்டால் அவனிடம் விடையில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு அவனிடம் சொல்ல ஏதோ இருந்தது. செயின்ட் லூயி வீதியில், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பவர் எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே நகர்வார். தோன்றிய இடத்திலெல்லாம் ஒரே மூச்சில் திருத்திவிட்டுப் பிறகு எது மூலம் என்று தேடுவதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்; நாள், மாற்றியது என்ன, எத்தனை நிமிடம் ஓடியது. அவ்வளவுதான் எழுத வேண்டும். "இதெல்லாம் எதுக்குப்பா" என்று முனகியபடியே எழுதினான்.

நோட்டின் இரண்டாம் பக்கத்திலேயே வழி தெரிந்தது. பழைய டிரைவரின் மிச்சத்தைச் 'சேஃப் மோடில்' துடைத்துப் புதிதாக நிறுவியது: பலனில்லை. கார்டின் சூடு: எழுபது பாகைக்குள். ராம் சோதனை: பிழையில்லை. கார்டு எடுக்கும் மின்சாரத்தை எழுபது விழுக்காட்டுக்குக் குறைத்தது: இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. அந்த ஒரு வரிதான் முத்துக்கும் மாணிக்கத்துக்கும் உள்ள வேறுபாடு.

எங்கள் பெட்டியில் இருந்தது 2018இல் வாங்கிய 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். பழைய கார்டு மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்தது. அந்த வழியாக 75 வாட் வரைதான் தர முடியும், அதற்கு அதுவே போதும். புதியதற்குத் தனியாக எட்டு முனை இணைப்பு வேண்டும். அதன் வழியே மட்டும் 150 வாட் வரை இழுக்கலாம். எங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்த இணைப்பே இல்லாததால், கடையில் வாங்கிய ஒரு மாற்று ஒயரைச் செருகியிருந்தோம். அது அப்போதே எங்களை எச்சரித்திருக்க வேண்டும். தவிரவும், இக்காலக் கார்டுகள் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் தம் சராசரியைவிடப் பன்மடங்கு மின்சாரம் இழுப்பவை. 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ் 3.0 தரவரையறை இத்தகைய திடீர் இழுப்பைத் தாங்குவதையும் கணக்கில் கொண்டது. எங்களுடையதோ கடற்காற்றிலும் புழுதியிலும் மூப்படைந்த பழைய சரக்கு. வாடிக்கையாய் உழைத்தவரை அதன் தளர்ச்சி வெளியே தெரியவில்லை.

நண்பனின் 650 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரவல் வாங்கிப் பொருத்தினோம், ஓடியது. பழையதைத் திரும்ப மாட்டச் சொன்னேன். "அதான் ஓடுதேப்பா" என்றான். மாட்டினோம், ஒன்பதாம் நிமிடம் திரை கறுத்தது. இப்படி இருபுறமும் பார்த்த பிறகே புதியதொன்று வாங்கினோம். (பழையதைத் திறந்து பழுது பார்க்கலாமே என்று எவரேனும் நினைத்தால், வேண்டாம். மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.)

வீட்டிலேயே ஏழு ஆண்டு இருந்ததை எவரும் ஐயுறவில்லை. துவாலையில் சுற்றி வந்ததை ஐயுற்றோம். 'பழையது போட்டால் ஓடுகிறது, புதியது போட்டால் நிற்கிறது, ஆகவே புதியது கெட்டது' என்ற தருக்கம் எவ்வளவு எளிதாக நாவில் வருகிறது! இரண்டும் சேர்ந்தால் ஓடவில்லை என்பதற்கு மேல் அது எதையும் நிறுவவில்லை.

அன்றிரவு தம்பிக்கு எழுதினேன்: "கார்டுல தப்பு இல்ல. நம்ம வீட்டு எஸ்.எம்.பி.எஸ். பழசு. பில் கேட்டது என் தப்பு." பார்த்துவிட்டான் என்பதற்கான இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. மறுநாள் மகனுக்குத்தான் செய்தி வந்தது, இப்போது விளையாட்டு எத்தனை ஃபிரேம் ஓடுகிறது என்று கேட்டு. அவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். எனக்கு இன்னும் பதில் வரவில்லை.