கூக்கால் ஓடையும் தலைப்பிரட்டையும்



இந்த இதழின் அட்டையில் கூக்கால் ஏரி. கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைத் தாண்டிப் போனால் வரும் மலைக் கிராமம் கூக்கால். ஒரு பக்கம் சோலைக்காடு. மறுபக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் படிக்கட்டு வயல்கள். இந்த வயல்களிலிருந்து ஓடைகளுக்கு இறங்கும் மழைநீரைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

மழையும் பனிமூட்டமும் விடாத மாதங்களில் உருளைக்கிழங்கில் கருகல் நோய் பிடிக்கும். சில நாள் விட்டால் வயலே கருகிவிடும். அதற்கு அடிக்கும் மருந்துகளில் முக்கியமானது மான்கோசெப். கடையில் கேட்டு வாங்கும் பெயர் எம்-45. கடன் வாங்கி விதைத்தவர் மருந்து அடிக்கிறார் என்று குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த மருந்து சிதையும்போது உருவாகும் எத்திலீன் தயோயூரியா, தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுக்கும் பொருள்.

தலைப்பிரட்டைக்குக் கால் முளைப்பதும், வால் கரைவதும், செவுள் போய் நுரையீரல் வருவதும் தைராய்டு ஹார்மோனின் கட்டளைப்படிதான் நடக்கின்றன. அந்தக் கட்டளை தடைபட்டால் தலைப்பிரட்டை தலைப்பிரட்டையாகவே நிற்கும்; அதற்குள் குட்டை வற்றிவிடும். மீன் செத்து மிதந்தால் ஊரே கூடிக் கேள்வி கேட்கும். தவளையாகாமல் போன உயிருக்காக யார் கேட்பது? பழனி மலையில் வாழும் ஒரு மரத்தவளைக்கு 2008இல்தான் அறிவியல் பெயரே கிடைத்தது: காட்டிக்சாலஸ் ஆஸ்டிராப்ஸ். அதன் தலைப்பிரட்டைகள் வளர்வது ஓடைத் தண்ணீரில்.

எவ்வளவு மருந்து கலந்தால் ஆபத்து என்று கேட்பீர்கள். அமெரிக்க உயிரியலாளர் டைரோன் ஹேய்ஸ் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அட்ரசின் என்ற வேறொரு மருந்தைப் பற்றியது. நூறு கோடிப் பங்கு தண்ணீரில் இரண்டரைப் பங்கு அட்ரசின். அதில் வளர்ந்த 40 ஆண் தவளைகளில் பத்தில் ஒரு பங்கு பெண்ணாகவே மாறி, முட்டையும் இட்டன. மற்றவற்றில் பெரும்பாலானவை இனவிருத்தி செய்யும் திறனை இழந்தன. நம் சமவெளியில் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லியாக அடிப்பதும் இதே அட்ரசின்தான்.

தண்ணீரில் கலக்கும் நஞ்சு கொடைக்கானலுக்குப் புதிதல்ல. 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் பாம்பார் சோலையை நஞ்சாக்கியதை நாம் அறிவோம். கொடைக்கானல் ஏரியின் மீனிலும் வண்டலிலும் பாதரசம் இருப்பதை 2006இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். பாதரசம் நரம்பை மட்டும் கெடுப்பதில்லை. மெத்தில் பாதரசம் கலந்த இரையை உண்டு வளர்ந்த வெள்ளை அரிவாள்மூக்கன்களின் ஹார்மோன் அளவுகளும் இணை சேரும் போக்கும் மாறி, குஞ்சு பொரிப்பது குறைந்ததை அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மான்கோசெப்புக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. ஹார்மோனைக் குலைக்கும் என்பதும் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்பதும் அது சொன்ன காரணங்கள். அதே ஆண்டு மே மாதம் இந்திய அரசு தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலிலும் மான்கோசெப் இருந்தது. பிறகு முழுத் தடை வரவில்லை. இது சரியான முடிவு அல்ல என்பது என் கருத்து.

தடை வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கூக்கால் ஏரித் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் மழைக்கு முன்னும் பின்னும் அரசு பரிசோதித்து, முடிவை ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். விவசாய அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தெளிப்பானை ஓடையில் கழுவாதீர்கள், ஓடையோரம் சில அடிக்குப் புல்லை விட்டுவையுங்கள், மழை இருட்டிக்கொண்டு நிற்கும்போது மருந்து அடிக்காதீர்கள்.

வாசகர்களே, உங்கள் ஊர்க் குளத்திலோ ஓடையிலோ தவளைச் சத்தம் குறைந்திருக்கிறதா? எந்த ஆண்டிலிருந்து, பக்கத்து வயலில் என்ன பயிர், என்ன மருந்து என்று விவரமாக எழுதுங்கள். வரும் கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்